கார்டு ஹோல்டரின் மூலையில் கிழிந்த தையல்: பிரிக்கிங் அயர்ன் தேர்வும் பயன்பாடும் குறித்த நிகழ்வு ஆய்வு

சென்னையில் இருவர் மட்டும் வேலை செய்யும் ஒரு சிறு தோல் பட்டறைக்கு, அலுவலகம் ஒன்றிலிருந்து, ஊழியர்களுக்குப் பரிசாகக் கொடுக்கக் கார்டு ஹோல்டர் செய்து தரும்படி ஆர்டர் வந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த ஒரு கார்டு ஹோல்டரை மாதிரியாகக் கொடுத்து, தையல் இதைப் போலவே நெருக்கமாகவும் சாய்வாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பட்டறை அனுப்பிய முதல் தொகுதியில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. அடிப்பக்க மூலையில் தோல் கிழிந்திருந்தது, பின்பக்கத் தையல் அலை அலையாக ஓடியது, முன்பக்கத் துளைகளில் நூலைச் சுற்றி இடைவெளி தெரிந்தது, சிலவற்றில் துளையோரம் கருத்திருந்தது. இந்த நான்கு குறைகளையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து காரணம் தேடியபோது நான்குமே தையல் தொடங்குவதற்கு முன்பே, துளை போடும் கட்டத்திலேயே உண்டானவை என்பது தெளிவாயிற்று. நான் பொருளைக் கையில் வாங்கியபோது பட்டறையின் இளைஞர் சொன்னது இது: "சார், முன்பக்கம் பார்த்தா ஓரளவு நல்லாத்தான் இருக்கு, திருப்பினாத்தான் மானம் போகுது." அவருக்குத் தைக்கத் தெரியும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துத் தைக்கும் இரு ஊசித் தையலில் அவர் நூலை இழுக்கும் பதம் சீராகவே இருந்தது.

முதலில் பொருளின் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த ஆய்வு முழுவதும் அவற்றின்மேல்தான் நிற்கிறது. கார்டு ஹோல்டர் 100 மி.மீ. அகலம், 75 மி.மீ. உயரம். உடல் தோல் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 1.2 மி.மீ. தடிமன், அவற்றின் வெளிப்புறத்தில் பக்கத்துக்கு ஒரு பாக்கெட், 0.8 மி.மீ. தடிமன். ஆகவே வாய்ப்பகுதியில் மொத்தத் தடிமன் 2.4 மி.மீ.; பாக்கெட் தொடங்கும் இடத்திலிருந்து அடிவரை 4.0 மி.மீ. ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தையல் கோடு. இரண்டு பக்கமும் அடியும் தைத்து, மேலே வாய் திறந்திருக்கும். பெரியமேட்டில் வாங்கிய, திண்டுக்கல் பக்கத்தில் மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் அது. ஆம்பூர், வாணியம்பாடியில் காலணிக்காகக் குரோமிய உப்பில் பதனிடும் மென்தோலைப் போல இது நெகிழ்ந்து கொடுக்காது. ஒரு முறை துளைத்தால் துளை அப்படியே நிற்கும். கைத்தையலுக்கு இந்தக் குணம் பெரிய நன்மை, ஆனால் தவறான துளையை அது மறைத்துக் கொடுப்பதில்லை.

பட்டறையில் இருந்த கருவி 4 மி.மீ. இடைவெளி கொண்ட வைரவடிவப் பல் செட், அதாவது பல்லின் குறுக்குவெட்டு சாய்சதுரமாக இருக்கும் கருவி. ஜப்பானியத் தோல்வேலையில் வழங்கும் வடிவத்தைப் பார்த்துச் செய்த மலிவான வகை. இந்த வகைக் கருவியின் பல், தோலை முழுவதும் ஊடுருவித் துளைப்பதற்கென்றே செய்யப்படுகிறது; பிறகு குத்தூசி இல்லாமலேயே ஊசியை நுழைத்துத் தைத்துவிடலாம். பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் சேணம் தைப்பவர்களிடையே வளர்ந்த பழைய பிரிக்கிங் அயர்னின், அதாவது தையல் துளைகளுக்குச் சீரான இடைவெளியில் தடம் பதிக்கும் பல் கருவியின், இயல்பு வேறு. அதன் பல் தட்டையாக, ஒரு கீறலைப் போலத் தடம் பதிக்கும். நுனியிலிருந்து மேலே போகப்போக விரியும். ஏறக்குறைய 1 மி.மீ. ஆழம் வரை அடையாளம் இடுவதோடு அதன் வேலை முடிந்தது. துளையைத் திறப்பது குத்தூசியின் பொறுப்பு. 1823 முதல் இயங்கும் பாரிஸின் வெர்ஜே-பிளாஞ்சார், சேணத் தொழிலுக்கே பேர்போன இங்கிலாந்து நகரமான வால்சாலின் ஜோசப் டிக்சன் போன்றோரின் கருவிகள் இந்த மரபில் வந்தவை. இப்போது கொரியாவிலும் சீனாவிலும் செய்யும் பல கருவிகள் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன: தடம் ஐரோப்பியச் சாய்கீறல், பல் மட்டும் நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் இரண்டு, இரண்டரை மி.மீ. தோலை ஊடுருவும். வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, கையிலிருக்கும் கருவி அடையாளம் இடுவதற்கா, ஊடுருவித் துளைப்பதற்கா என்பதுதான். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் பல்லைப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூலைக் கிழிசலிலிருந்து தொடங்கலாம். 100 மி.மீ. அகலத்தில் இருபுறமும் 3 மி.மீ. கழித்தால் அடிக்கோட்டின் நீளம் 94 மி.மீ. இதை 4-ஆல் வகுத்தால் 23 தையலும் ஒரு பாதியும் வரும். அந்தப் பாதியை என்ன செய்வது என்று எவரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. இடப்புற மூலையிலிருந்து அடித்துக்கொண்டே போய், வலப்புற மூலைக்கு வந்ததும் மிச்சமிருந்த 2 மி.மீ.க்குள் மூலைத் துளையைப் போட்டிருக்கிறார்கள். துளைகள் 45 பாகை சாய்ந்தவை என்பதால், கோட்டின் வழியே 2 மி.மீ. தள்ளியிருக்கும் இரு துளைகளுக்கு நடுவே செங்குத்தாக அளந்தால் 1.4 மி.மீ.தான் இருக்கும். வைரவடிவப் பல்லின் நடுத்தடிமன் 1 மி.மீ. ஆகவே எஞ்சிய தோல் வெறும் 0.4 மி.மீ. அஞ்சல்தலையின் ஓரத்தைப் போல அது பிய்ந்து வந்ததில் வியப்பில்லை. மூலைதான் பையில் அதிகம் உரசும் இடம், நூல் இரண்டு திசையில் இழுக்கும் இடம்.

இந்தக் கணக்கை வைத்தே அடுத்த கருவியைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு முன், மாதிரியின் தையல் அளவு என்ன என்பதில் ஒரு குழப்பம் இருந்தது. அலுவலகத்துக்காரர் "எட்டு" என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்று எடுத்துக்கொண்டால் ஒரு தையல் 25.4-ஐ 8-ஆல் வகுத்த 3.175 மி.மீ. ஆனால் பிரெஞ்சுக் கருவிகளின் எண், இன்றைய அங்குலத்தை வைத்து வந்ததல்ல, 27.07 மி.மீ. கொண்ட பழைய பிரெஞ்சு அங்குலத்தை வைத்து வந்தது. அந்த வழியில் 8-ஆம் எண் 3.38 மி.மீ., 7-ஆம் எண் 3.87, 9-ஆம் எண் 3.0, 10-ஆம் எண் 2.7. ஒரு தையலில் 0.2 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது; 28 தையல் போட்டு முடிக்கையில் அதுவே 5.7 மி.மீ. ஆகிவிடும். ஆகையால் மாதிரியை அளக்கும்போது ஒற்றைத் தையலை அளக்கக் கூடாது. பத்துத் தையலின் மொத்த நீளத்தை ஸ்டீல் ஸ்கேலில் பிடித்துப் பத்தால் வகுக்க வேண்டும். அப்படி அளந்ததில் 34 மி.மீ.க்கு மயிரிழை குறைவாக வந்தது, மாதிரி 3.38 என்பது உறுதியாயிற்று. கருவி வாங்கும்போதும் எண்ணைச் சொல்லாமல் மி.மீ. கணக்கைச் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு.

3.0 மி.மீ. அயர்னும் பரிசீலனைக்கு வந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. பக்கக்கோடு 75-இல் மேலும் கீழும் 3 கழித்தால் 69 மி.மீ.; அதில் 3.0 மி.மீ. தையல் சரியாக 23 அடங்கும். அடிக்கோட்டில் 31 தையலுக்கு 93 மி.மீ. போதும் என்பதால் அகலத்தை 99 ஆகக் குறைத்தால் எல்லாம் பொருந்திவிடும். கணக்குக்கு அழகான விடை இது. இருந்தும் நான் அதை வேண்டாம் என்றேன். 3.0 மி.மீ. இடைவெளிக்கு நூல் 0.45 மி.மீ. அளவில் இருந்தால்தான் தையல் ஒன்றையொன்று முட்டாமல் படுக்கும். அந்த நூல் கடிகார வாருக்கும் மெல்லிய ஆட்டுத்தோல் பர்ஸுக்கும் எடுப்பாக இருக்கும், ஆனால் 4 மி.மீ. தடிமனுள்ள விறைப்பான ஓரத்தில் பலவீனமாகத் தெரியும். 3.38-க்கு 0.55 மி.மீ. நூல் பொருந்தும். பட்டறையில் இருந்ததோ 0.8 மி.மீ. மெழுகு பாலியெஸ்டர் நூல். பருமனான பை வாருக்கு ஏற்ற நூல் அது. தையல் இடைவெளி, நூல், தோலின் தடிமன் மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நூலையும் மாற்றாமல் அயர்னை மட்டும் மாற்றியிருந்தால், நெருக்கமான துளைகளில் பருத்த நூல் திணறி, தையலின் சாய்வே மறைந்து, மணி கோத்ததைப் போல ஆகியிருக்கும்.

3.38-ஐ எடுத்துக்கொண்டால் அடிக்கோடு 94 மி.மீ.யில் 27.8 தையல் வருகிறது. பக்கம் 69 மி.மீ.யில் 20.4 வருகிறது. அடியில் வரும் வித்தியாசம் சிறியது. 28 தையலுக்கு 94.64 மி.மீ. வேண்டும், 0.64 மி.மீ. குறைகிறது. இதைக் கடைசி எட்டுத் தையலில் தையலுக்கு 0.08 மி.மீ. வீதம் குறைத்து மறைத்துவிடலாம். பழகிய கைக்கு அது முடியும். பக்கத்தில் வரும் 0.4 தையலை அப்படி மறைப்பது கடினம், அதுவும் ஒரே அளவில் நிறைய எண்ணிக்கை செய்யும்போது ஒவ்வொன்றிலும் அந்தச் சிரமத்தைப் படுவதில் பொருளில்லை. ஆகவே பேட்டர்னையே, அதாவது தோலை வெட்டுவதற்கான வரைவையே, மாற்றினோம். அகலம் 28 தையலுக்கு 94.64 கூட்டல் 6, அதாவது 100.64, உயரம் 21 தையலுக்கு 70.98 கூட்டல் 6, அதாவது ஏறக்குறைய 77. வங்கி அட்டையின் அளவு உலகெங்கும் 85.6-க்கு 54 மி.மீ. என்பதால் இந்த மாற்றத்தில் உள்ளே இடம் குறையவில்லை. கைத்தையல் பொருளுக்குப் பேட்டர்ன் வரைகிறவர்கள் முழு மில்லிமீட்டரில் வரையும் பழக்கத்தை விட்டு, தையலின் மடங்குகளில் வரையத் தொடங்கினால் மூலைத் தொல்லையில் பெரும்பகுதி காகிதத்திலேயே தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

வாங்கியது இரண்டே அயர்ன்: பத்துப் பல் ஒன்று, இரண்டு பல் ஒன்று, இரண்டும் ஒரே தயாரிப்பாளருடையவை. நான்கு அளவுகளில் செட் செட்டாக வாங்கி அடுக்குவதைவிட, ஒரே அளவில் நல்லதாக இரண்டு இருப்பது மேல். வாங்கிய உடனே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பட்டை போட்ட தோலின் வெட்டுத்துண்டில் கோடு கிழித்து, பத்துப் பல் அயர்னை ஒரு முறை லேசாக அடிக்க வேண்டும். பிறகு அதை முன்பின்னாகத் திருப்பி, முதல் பல் இருந்த தடத்தில் கடைசிப் பல் உட்காரும்படி வைத்துப் பார்க்க வேண்டும். சாய்கீறல் பாதிச் சுற்று சுற்றினாலும் அதே சாய்வில்தான் நிற்கும் என்பதால், பற்களின் இடைவெளி சீராக இருந்தால் பத்தும் பழைய தடத்திலேயே போய் உட்காரும். ஏதேனும் ஒரு பல் தடத்துக்கு வெளியே நின்றால் அந்த அயர்னைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. பற்களின் பக்கவாட்டில் அரத்தின் கோடுகள் சொரசொரப்பாக இருந்தால் மட்டும் கவலை வேண்டாம். பச்சைப் பாலிஷ் கட்டியைத் தேய்த்த தடித்த நூலைப் பற்களுக்கு நடுவே விட்டு இழுத்தால் வழவழப்பாகிவிடும், தோலும் பல்லோடு சேர்ந்து எழும்பி வராது.

பின்பக்கத் தையல் அலைபாய்ந்ததற்குக் காரணம் தேடியபோது, அவர்கள் அடித்த விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கருவியை நேராகத்தான் பிடித்தார்கள். ஆனால் பாக்கெட் தொடங்கும் இடத்தில் முன்பக்கத்தில் 0.8 மி.மீ. படி ஒன்று இருக்கிறது, பின்பக்கத்திலும் அதேபோல் ஒரு படி. ஆறு பல் கருவியை அந்தப் படியின் குறுக்கே வைத்ததும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே தோல் பலகையில் படாமல் தொங்கியது. கருவி 5 பாகை சாய்ந்தால், 4 மி.மீ. ஆழத்தைக் கடந்து மறுபுறம் வருகையில் பல்லின் நுனி 0.35 மி.மீ. விலகியிருக்கும். முன்பக்கம் அயர்னின் ஒழுங்கில் நிற்கிறது, பின்பக்கம் இந்த விலகலைச் சுமக்கிறது. அத்தோடு அவர்கள் அடித்த மேசை மெல்லிய பலகை. ஒவ்வொரு அடிக்கும் அதிர்ந்து கொடுத்தது. ஆகவே துளையின் ஆழமும் இடத்துக்கு இடம் மாறியது. முன்பக்கத் துளை அகன்று தெரிந்ததும் இதன் தொடர்ச்சியே. கூம்பிய தடித்த பல்லை 4 மி.மீ. ஊடுருவ அடிக்கும்போது, மறுபுறம் ஊசி நுழையும் அளவுக்குத் துளை கிடைப்பதற்குள் முன்புறம் தேவைக்கு மேல் விரிந்துவிடுகிறது.

மாற்றிய முறை இது. கருங்கல் பலகையின் மேல் கெட்டியான பாலி கட்டிங் போர்டு. ஒட்டிய பொருளை அதன்மேல் வைத்து, பாக்கெட் இல்லாத வாய்ப்பகுதிக்கு மேலும் கீழும் 0.8 மி.மீ. தோல் வெட்டை அணைகொடுத்து மட்டமாக்கினோம். மேலே வைத்த வெட்டு, தையல் கோட்டை மறைக்காமல் உட்பக்கமாக நிற்க வேண்டும். கவராயத்தை 3 மி.மீ.க்கு விரித்து, ஒரு முனை ஓரத்தை ஒட்டி நகர மறுமுனையால் லேசான கோடு. மூலையில் முதல் தடத்தைக் குத்தூசி முனையால் புள்ளியாகக் குறித்துவிட்டு, அங்கிருந்து அயர்னை அடிக்கத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் முதல் பல்லை முந்தைய அடியின் கடைசித் தடத்தில் உட்கார வைத்து நகர்ந்தோம். பத்துப் பல் அயர்ன் ஒரு முறைக்கு ஒன்பது தையல் முன்னேறும்; மூன்று அடியில் 27, மிச்சம் ஒன்றை இரண்டு பல் அயர்ன் முடித்துவைக்கும். பாக்கெட்டின் விளிம்பைத் தாண்டும் இடத்திலும் இரண்டு பல் அயர்ன்தான். அந்த இடத்தில் கீறல் எதுவும் விளிம்பின் மேலேயே விழக் கூடாது; ஒரு துளை பாக்கெட் மேலும் அடுத்தது உடலின் மேலும் இருந்து, நூல் விளிம்பைத் தாண்டிப் பிடிக்க வேண்டும். அது தவறி விழுகிறது என்றால் பாக்கெட்டின் உயரத்தை அரைத் தையல் மாற்றி வெட்டுவதே சரி. அடிப்பதற்கு மரத்திலோ நைலானிலோ செய்த கொட்டாப்புளி போதும்; இரும்புச் சுத்தியல் அயர்னின் தலையைக் காளான் போல விரித்துவிடும், அதிர்வும் கையில் ஏறும். ஓங்கி ஓர் அடி அடிப்பதைவிட அளவாக இரண்டு தட்டுத் தட்டுவதில் ஆழம் சீராக வருகிறது. 1 மி.மீ. ஆழம் இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும், அயர்னை எடுக்கும்போது ஆட்டி அசைக்காமல் நேராக மேலே தூக்க வேண்டும்.

பிறகு, தைக்கும்போது பொருளைக் கவ்விப் பிடிக்கும் மரக்கிடுக்கிக்குப் பொருள் போகிறது. துளையைத் திறப்பது, முனை சாய்சதுரமாக இருக்கும் வைரமுனைக் குத்தூசி. இதன் அலகு, அயர்ன் பதித்த கீறலைவிடச் சற்றே ஒடுங்கியதாக இருக்க வேண்டும். அகலமாக இருந்தால் அயர்னின் அழகான தடத்தைக் குத்தூசியே அழித்துவிடும். அலகைக் கீறலின் சாய்வோடு பொருத்தி, கிடுக்கியின் முகத்துக்குச் செங்குத்தாக உள்ளே செலுத்துவதை அந்த இளைஞர் தனி வெட்டுத்துண்டில் பழகினார். இந்த இடத்தில் அவசரம் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அயர்ன் முன்பக்கத்தை மட்டுமே உறுதி செய்கிறது. பின்பக்கத்தின் ஒழுங்கு முழுவதும் குத்தூசி பிடிக்கும் மணிக்கட்டில் இருக்கிறது. நீளப் பல் அயர்னால் ஊடுருவி அடித்துவிட்டால் இந்தப் பயிற்சி வேண்டாமே என்று கேட்கலாம். 2 மி.மீ. பர்ஸுக்கு நானும் அப்படியே செய்வேன். 4 மி.மீ.க்கு மேல் போகும் ஓரத்தில் குத்தூசிக்கு ஈடாக ஒன்றையும் நான் இதுவரை கண்டதில்லை.

தையலில் அவருடைய பழைய முறையையே வைத்துக்கொண்டோம், ஒரு திருத்தத்துடன். எந்த ஊசி முதலில் நுழைகிறதோ அதுவே ஒவ்வொரு துளையிலும் முதலில் நுழைய வேண்டும். இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு எந்தப் பக்கமாகப் போகிறதோ அதே பக்கமாகவே கடைசிவரை போக வேண்டும். இதை அவர் செய்துவந்தார். இரண்டாவது ஊசி துளையிலிருந்து முழுதும் வெளிவருமுன் நூலை அதன்மேல் ஒரு முறை சுற்றிப்போட்டு இழுத்தால், முன்பக்கத்தில் மட்டும் தெரிந்த சாய்வு பின்பக்கத்திலும் படியத் தொடங்கும். இதுதான் புதிதாகச் சேர்த்தது. நூலின் நீளத்துக்கும் ஒரு கணக்கு வைத்தோம். மொத்தத் தையல் கோடு 237 மி.மீ.; இந்தத் தடிமனில் கோட்டைப் போல நான்கு மடங்கு நூல் செலவாகும், கைப்பிடிக்கு மேலும் ஒரு சாண் வேண்டும் என்பதால் ஒன்றேகால் மீட்டர் வெட்டினால் நடுவில் இணைப்பு விழாது.

மறுபடி செய்து அனுப்பிய தொகுதியை அலுவலகம் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டே ஏற்றுக்கொண்டது. ஒரு பொருளுக்கு ஆகும் நேரம் முன்பைவிடக் கூடியிருக்கிறது. குத்தூசி வேலை சேர்ந்ததே காரணம். விலையில் அதைச் சேர்க்கும்படி பட்டறைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

துளையோரக் கருமை மட்டும் தனியாகப் பேச வேண்டியது. முதல் தொகுதி மழைக்காலத்தில் செய்யப்பட்டது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஏறிய தோலில் துவர்ப்புச் சத்து நிறைந்திருக்கும். ஈரம் பட்ட நிலையில் அதோடு இரும்பு சேர்ந்தால் கருநீலக் கறை உண்டாகும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்புச் சாயம் எடுக்கும் அதே வினைதான் இது. அவர்களுடைய பழைய கருவியின் பல்லிடுக்கில் மெல்லிய துரு படிந்திருந்தது, தோலையும் சற்று நனைத்து அடித்திருக்கிறார்கள். இப்போது காய்ந்த தோலில் மட்டுமே அயர்னை இறக்குகிறார்கள். வேலை முடிந்ததும் பற்களைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவி, எண்ணெய்த்தாளில் சுற்றி வைக்கிறார்கள். மறுநாள் எடுத்ததும் எண்ணெயைத் துடைத்துவிட்டு, தேன்மெழுகுக் கட்டியில் ஒரு முறை குத்தி எடுத்த பின்பே தோலில் வைக்கிறார்கள். முன்பே கருத்துப்போன சில துண்டுகளில், எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சை ஒற்றி எடுத்து உடனே தண்ணீரால் துடைத்ததில் இளங்கறை மறைந்தது. ஆழமாக இறங்கிய கறை போகவில்லை, அந்தத் துண்டுகளுக்கு அடர்பழுப்புச் சாயம் ஏற்றி வேறு வேலைக்கு ஒதுக்கிவிட்டார்கள்.